வேலைக்கு ஆள் தெரிந்த வரலாறு
லாயாங் லாயாங் வட்டாரத் தோட்டங்களை முன்வைத்து

ஒரு தொழிலுக்கு ஒருவரை எவ்வாறு தெரிந்தெடுப்பது என்னும் ஆராய்ச்சி தமிழர்க்குப் புதிதன்று. திருவள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரமும், அதனை அடுத்துத் ‘தெரிந்து வினையாடல்’ என மற்றோர் அதிகாரமும் வகுத்தார். முன்னது ஆளைத் தெரிவது பற்றியது. பின்னது தெரிந்த ஆளை வினையில் நிறுத்தி ஆளுவது பற்றியது. இவ்விரண்டும் வேறு வேறு திறங்கள் என்று அவர் கண்ட நுட்பம் ஈண்டுக் கருதத்தக்கது.

முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சார்ந்தவை. ஊர் வாரியங்களுக்கு உரியவரைக் குடவோலையால் தெரிந்த முறையை அவை விரித்துரைக்கின்றன. முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் அகவை, இறை செலுத்தும் கால்வேலி நிலத்துக்கு மேல் உடைமை, தன் மனையில் வீடு, கல்வி ஆகியவை வேண்டப்பட்ட தகுதிகள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் நீக்கப்பட்டனர். தகுதி இன்னது, தகுதியின்மை இன்னது என்பதைக் கல்லில் வெட்டி ஊரறிய வைத்தமையே இதன் சிறப்பு.

ஆயின் அது நிலமுடையோர்க்கான முறை. நிலமில்லாதார் வேலைக்குத் தெரியப்பட்ட வரலாறு கல்லில் எழுதப்பெறவில்லை. அது தோட்டத்துச் செக்ரோல் ஏடுகளிலும், குடிபெயர்வோர் முகாம்களின் பதிவுகளிலும், முதியோர் நினைவிலும் சிதறிக் கிடக்கின்றது. ஜொகூர் மாநிலத்து லாயாங் லாயாங் போன்ற ஒரு சிற்றூரை மனத்திற் கொண்டு பார்ப்பின், அவ்வரலாறு ஒழுங்காக விளங்கும்.

இடமும் பெயரும்

குளுவாங் மாவட்டத்தில், ரெங்கத்துக்குத் தெற்கே, கூலாய்க்கு வடக்கே, இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த ஊர் லாயாங் லாயாங். மலாய் மொழியில் இச்சொல் பட்டத்தையும் குறிக்கும். தகைவிலான் குருவியையும் குறிக்கும். ஜொகூரின் உட்பகுதி ஒரு காலத்தில் சீனர்களின் கம்பீர், மிளகுத் தோட்டங்களால் திருத்தப்பட்டது. ஆற்றங்கரைகளைக் குத்தகைக்குக் கொடுத்த அந்தக் கங்சூ முறை 1917இல் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1909இல், ஜொகூரினூடே இருப்புப்பாதை நிறைவுற்று, வடக்கே உள்ள மாநிலங்களையும் ஜொகூர் பாருவையும் இணைத்தது. இருப்புப்பாதை வந்தவிடமெல்லாம் ரப்பர் வந்தது. ரப்பர் வந்தவிடமெல்லாம் தமிழ்த் தொழிலாளர் வந்தனர்.

இவ்வட்டாரத்து உலு ரெமிஸ் தோட்டம் செம்பனை ஆராய்ச்சியாளரிடையே பெரும்பெயர் பெற்றது. அங்குத் தெரிந்தெடுத்து வளர்க்கப்பட்ட டெலி டூரா இனம் ‘உலு ரெமிஸ்’ என்னும் பெயராலேயே இன்றும் நூல்களில் வழங்குகின்றது. நல்ல தாய்மரத்தைத் தெரிவதற்கு மரந்தோறும் குலைகளை எண்ணி, எடை பார்த்து, ஆண்டுக்கணக்கில் பதிவு செய்தனர். அம்மரங்களின் அடியில் உழைத்த மாந்தரை எவ்வாறு தெரிந்தனர் என்பதே இனி ஆராயவேண்டுவது.

கங்காணி என்னும் சொல்

கங்காணி என்பது கண்காணி என்பதன் மரூஉ. சோழர் கல்வெட்டுகளில் கோயிற் காரியங்களை மேற்பார்ப்பவர் ‘கண்காணி’ எனப்பட்டனர். கண்ணாற் காண்பவன், அதாவது மேற்பார்ப்பவன் என்பது பொருள். மலாயாவிலோ இச்சொல்லுக்குப் பொருள் விரிந்தது. தோட்டத்தில் மேற்பார்ப்பவன் எவனோ, அவனே தன் ஊர் சென்று ஆள் திரட்டி வருபவனும் ஆனான்.

1910இல் ஒப்பந்தக் கூலிமுறைப்படி ஆள் எடுப்பது மலாயாவுக்கு நின்றுபோனது. அதன்பின் கங்காணி முறையே தலைமை பெற்றது. தோட்டத் துரையிடமிருந்து உரிமச்சீட்டுப் பெற்ற கங்காணி தஞ்சை, திருச்சி, சேலம், வடார்க்காடு முதலிய மாவட்டங்களில் தன் ஊருக்கும் சுற்றூர்களுக்கும் செல்வான். நல்ல ஆடை, கையில் காசு, வாயில் அயல்நாட்டுக் கதை, இவையே அவன் கொண்டுசென்ற விளம்பரம். உற்றார், அண்டையார், கடனால் நொந்தவர், பண்ணையடிமையிலிருந்து தப்ப விழைந்தவர் எனப் பலரும் அவனைச் சூழ்ந்தனர். பெரும்பாலோர் நிலமற்ற, ஒடுக்கப்பட்ட குலங்களைச் சார்ந்தவர். பணிவுடையவர் என்று கருதித் தோட்ட முதலாளிகளும் அத்தகையோரையே விரும்பினர். எனவே, தெரிவின் அளவுகோல் திறமையன்று, எதிர்த்துப் பேசாமையே.

கங்காணிக்கு ஆள் ஒன்றுக்கு இத்துணை எனத் தரகு கிடைத்தது. அதன்பின் தன் ஆள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் ‘தலைக்காசு’ கிடைத்தது. ஆள் நோயுற்றாலும் வேலைக்கு வராவிட்டாலும் தலைக்காசு குறையும். ஆள் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டால் முழுதும் போகும். உறவும் ஊரும் தந்த நம்பிக்கையில் வந்த தொழிலாளியைப் பிரட்டுக் களத்துக்கு விரட்டும் கட்டாயம் இந்தக் காசால் நேர்ந்தது. மாமன், சித்தப்பன் என்று அழைக்கப்பட்டவனே அதிகாரியுமாய் நின்றமையால், வேலைத் தகராறு குடும்பத் தகராறாயிற்று. குடும்பத் தகராறு வேலையைப் பறித்தது.

கப்பலேறுமுன் கேட்ட கேள்வி

ஆயினும் தொழிலாளியிடம் ஒன்றுமே கேட்கப்படவில்லை என்பது பொருந்தாது. கங்காணி திரட்டிய ஆளைக் கிராம முனிசீப்பு பார்த்து, அவர் புறப்படுவதில் தடையில்லை என்று சீட்டில் கையெழுத்திட வேண்டும். பின்னர் ஆவடி அல்லது நாகப்பட்டினம் முகாமில் மருத்துவர் உடலைச் சோதிப்பர். அரசின் அதிகாரி, “உன் விருப்பத்தால் போகிறாயா?” என்று வினவுவர். மலாயாவுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளியின் முதல் நேர்முகத் தேர்வு இதுவே எனலாம்.

இந்தக் கேள்வி நல்லெண்ணத்தால் எழுந்தது. ஏமாற்றிக் கூட்டிச் செல்லப்படுவோரைக் காப்பதே அதன் நோக்கம். ஆனால் ஊரில் கடனும், வழியில் கங்காணியும், முகாமில் மூன்று வேளைச் சோறும் இருக்கையில் ‘ஆம்’ என்னும் விடையைத் தவிர வேறு விடை எவ்வாறு வரும்? மேலும், வினவியவர் அதிகாரி. விடை சொன்னவர் தொழிலாளி. தோட்டம் எங்கே, கூலி எவ்வளவு, வீடு எத்தகையது, நோயுற்றால் யார் பார்ப்பர், பிடிக்காவிடின் திரும்ப வழி யாது என்று தொழிலாளி திருப்பிக் கேட்பதற்கு அம்முறையில் இடமில்லை. கேட்கும் உரிமை ஒருபுறமே இருந்தது என்னும் இக்குறையே பின்வந்த வரலாறு முழுதையும் நடத்திச் சென்றது.

1907இல் இந்தியர் குடிநுழைவு நிதி ஏற்படுத்தப்பட்டது. தமிழ்த் தொழிலாளரைப் பயன்படுத்திய முதலாளிகள் அனைவரும் அதற்குப் பணம் செலுத்தினர். கப்பற் செலவு அந்நிதியிலிருந்து கொடுக்கப்பட்டது. ஆள் திரட்டிய தோட்டத்துக்கு மட்டும் செலவு, பிறர்க்கு ஆதாயம் என்னும் நிலையை இது மாற்றியது. தொழிலாளி கரையிறங்கும்போது வழிச்செலவுக் கடன் இல்லாதவனாக இறங்கினான். ஒப்பந்தக் கூலிமுறையோடு ஒப்பிட இது பெரிய மாற்றமே.

விலகும் உரிமை: ஏட்டிலும் நாட்டிலும்

ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துத் தோட்டத்தை விட்டு நீங்கலாம் என்பது சட்டம் தந்த உரிமை. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் தொழிலாளர் நலன்களை மேலும் வரையறுத்தது. பத்துக் குழந்தைகள் பள்ளிப் பருவத்தில் இருப்பின் தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டும் என்ற விதியும் அதில் உண்டு. பல தோட்டத் தமிழ்ப் பள்ளிகளின் வேர் இவ்விதியே. இந்தியாவில் 1922இல் குடிபெயர்வோர் சட்டம் வந்தது. அதன் வழியாக இந்திய அரசின் முகவர் ஒருவர் மலாயாவில் அமர்ந்தார்.

விலகும் உரிமை ஏட்டில் இருந்தும் நாட்டில் எளிதாகவில்லை. காரணம் மூன்று. முதலாவது, வீடு தோட்டத்துடையது. வேலை போனால் லயமும் போகும். பிள்ளையின் பள்ளியும் போகும். இரண்டாவது, உறவினர் அனைவரும் ஒரே கங்காணியின் கீழ் இருந்தனர். ஒருவர் நீங்குவது ஒரு கிளையையே முறிப்பது போலாயிற்று. மூன்றாவது, கூலி எல்லாத் தோட்டங்களிலும் ஏறத்தாழ ஒன்றே. 1920களின் இறுதியில் பல பகுதிகளில் ஆடவர்க்கு நாளொன்றுக்கு 50 காசும், பெண்டிர்க்கு 40 காசும் என நிலைக்கூலி விதிக்கப்பட்டது. கூலி குறையாதிருக்க அது வேலி. கூலி உயராதிருக்கவும் அதுவே வேலியாயிற்று. வேறு தோட்டம் சென்றாலும் அதே ஐம்பது காசு எனில், மாறிச் செல்வதால் என்ன பயன்?

1930இல் ரப்பர் விலை வீழ்ந்தபோது, விலகும் உரிமை முதலாளியின் கைக்கருவியாக மாறியது. கூலி ஐந்தில் ஒரு பங்கு குறைக்கப்பட்டது. அதை ஏற்காதாரும் வேலையற்றாரும் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அந்தச் சில ஆண்டுகளில் அவ்வாறு திரும்பியோர் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர். விலை ஏறியதும் மீண்டும் ஆள் திரட்டினர். வெள்ளம் வந்தால் மடை திறப்பதும், வறண்டால் அடைப்பதும் போலத் தொழிலாளர் வரத்தை நடத்தினர் என்று சுருங்கச் சொல்லலாம்.

1936ஆம் ஆண்டிறுதியில் மகாகனம் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் மலாயா வந்து நிலைமையை ஆராய்ந்தார். 1937இல் வெளியான அவர்தம் அறிக்கை கங்காணி மூலம் ஆள் எடுப்பதை நிறுத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. மறு ஆண்டில் கூலியை மீண்டும் குறைக்க முதலாளிகள் முற்பட்டபோது, இந்திய அரசு உதவிபெற்றுக் குடிபெயர்வதை 1938 ஜூன் திங்களில் தடுத்துவிட்டது. கங்காணியின் உரிமச்சீட்டுக் காலம் அத்துடன் முடிந்தது.

கிராணியும் நற்சான்றும்

தோட்டத்தில் வேறொரு வகையான வேலைத் தெரிவும் நிகழ்ந்தது. அது ஆபீசைப் பற்றியது. பெரிய துரை, சின்ன துரை ஆகியோர் ஆங்கிலேயர். அவர்க்கும் தொழிலாளர்க்கும் நடுவே பெரிய கிராணி, கிராணி, கண்டக்டர், டிரஸ்ஸர் என ஒரு படிவரிசை நின்றது. கிராணி என்னும் சொல் மலாய் மொழியின் ‘கெராணி’; வடநாட்டு வழக்கினின்று அங்குப் புகுந்தது. நம் கல்வெட்டுகளில் வரும் ‘கரணத்தான்’, பிற்காலக் ‘கர்ணம்’ ஆகியவையும் கணக்கெழுதுவோரையே குறித்தன. மண்டோர் என்பது போர்த்துகீசியச் சொல்லின் வழிவந்தது. பிரட்டு என்பது ஆங்கிலச் சொல்லின் திரிபு. ஒரு தோட்டத்து அதிகாலைக் களத்தில் இத்துணை மொழிகள் கூடி நின்றன.

கிராணி வேலைக்கு ஆங்கிலக் கல்வி வேண்டும். யாழ்ப்பாணத்துத் தமிழரும் மலையாளிகளும் ஆங்கிலப் பள்ளிகளில் முன்னரே பயின்றிருந்தமையால், இவ்விடங்களில் அவர்களே மிகுதியாக அமர்ந்தனர். இங்குத் தெரிவுக்குத் துணைநின்றவை சான்றிதழும், முன்னிருந்த துரை எழுதிக்கொடுத்த நற்சான்றும், கையெழுத்தின் அழகும், துரைக்கு அறிமுகமான ஒருவரின் சொல்லும். தொழிலாளியின் பிள்ளைக்கு இவற்றுள் ஒன்றும் வாய்க்கவில்லை. தோட்டத் தமிழ்ப் பள்ளி ஆரம்ப வகுப்புகளோடு நின்றது. ஆங்கிலப் பள்ளி நகரத்தில் இருந்தது. ஆகவே பால்வாளியைத் தூக்கிய கை பேனாவைத் தூக்க ஒரு தலைமுறைக்கு மேலாயிற்று.

இந்த இடைவெளியே தோட்டத்து வேலைத் தகராறுகள் பலவற்றுக்கு ஊற்று. செக்ரோலில் பெயர் குறிப்பவர் கிராணி. அரைநாள் போடுவதும், பால் எடையைக் குறைத்து எழுதுவதும், பெயரையே விட்டுவிடுவதும் அவர் பேனா முனையில் இருந்தன. துரையிடம் முறையிட வேண்டுமாயினும் கிராணியின் வாய் வழியாகவே முறையிட வேண்டும். குற்றம் சாட்டப்படுபவரே மொழிபெயர்ப்பாளர் ஆகும் அவையில் வழக்கு எவ்வாறு செல்லும்?

தொழிலாளர் கேட்ட கேள்விகள்

இதற்கு விடை 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் எழுந்தது. ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் தோட்டத் தொழிலாளர் சங்கம் கூடினர், வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் வைத்த கோரிக்கைகள் கூலியோடு நிற்கவில்லை. சீனத் தொழிலாளர்க்கு ஒப்பான கூலி வேண்டும், கொடுமை செய்யும் அலுவலரை நீக்கித் தமிழ் பேசுவோரை அமர்த்த வேண்டும், பிள்ளைகட்குக் கல்வி வேண்டும், பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்கவேண்டும், நல்ல மருத்துவம் வேண்டும், கள்ளுக்கடைகளை மூடவேண்டும், உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் வரத் தடை கூடாது, துரையும் அலுவலரும் எதிர்ப்படும்போது மிதிவண்டியினின்று இறங்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும்.

கடைசிக் கோரிக்கை சிறியதாகத் தோன்றும். அதில்தான் இப்போராட்டத்தின் உயிர் இருக்கின்றது. ஒருவன் தன் உழைப்பால் வாங்கிய மிதிவண்டியில் ஏறிச் செல்லுங்கால், எதிரே வருபவரைக் கண்டு இறங்கி நிற்பது கூலியின் பாற்பட்டதன்று, மானத்தின் பாற்பட்டது. வேலை நேரத்துக்குப் புறம்பாகவும் தன்னை வேலையாளாகவே வைத்திருக்க முதலாளிக்கு உரிமை உண்டா என்பதே அக்கேள்வி. முகாமில் விடைசொல்ல மட்டும் நிறுத்தப்பட்டவர்கள் வினாத் தொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டனர்.

விடை துப்பாக்கியாய் வந்தது. 1941 மே திங்களில் நாதன் கைதானார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. தொழிலாளர் சிலர் சுடப்பட்டு இறந்தனர். அவ்வாண்டு டிசம்பரிலேயே ஜப்பானியர் படை வந்தது. நல்ல கூலி, குறுகிய காலம் என்று சொல்லித் தோட்டத் தொழிலாளரைச் சயாம்–பர்மா இருப்புப்பாதை வேலைக்கு அழைத்தனர். பின்னர்க் கட்டாயமாகவே பிடித்தனர். 1942, 1943ஆம் ஆண்டுகளில் அந்த 415 கிலோமீட்டர்ப் பாதையில் மாண்ட தமிழர் பல்லாயிரவர். வேலை ஏற்பதா மறுப்பதா என்னும் தெரிவு முற்றிலும் பறிபோன காலம் அது.

சங்கமும் சட்டமும்

போருக்குப்பின் தொழிற்சங்கங்கள் வேகமாய்ப் பெருகின. 1948 ஜூன் திங்களில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் பதிவு நீக்கப்பட்டது. அச்சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். கருத்து வேறுபாடு உடையோரும் அவ்விளைஞரின் முடிவை நினைந்து இரங்கினர்.

அந்த இருண்ட ஆண்டுகளில் வேறொரு பாதையும் உருவாயிற்று. மாநிலந்தோறும் சிதறிக்கிடந்த தோட்டச் சங்கங்கள் ஒன்றுகூடி, 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாயின. அதன் பொதுச்செயலாளராக நெடுங்காலம் விளங்கியவர் பி. பி. நாராயணன்; 1962இல் மகசேசே விருது பெற்றார்; 1975இல் சுதந்திரத் தொழிற்சங்கங்களின் அனைத்துலகச் சம்மேளனத்துக்குத் தலைவரானார். கங்காணியின் வாய்ச்சொல்லாய் இருந்த கூலி, எழுதிக் கையெழுத்திட்ட கூட்டு ஒப்பந்தமாயிற்று. கோரிக்கையோடு துரைமுன் நிற்பது தனியொருவன் துணிவாக இருந்த நிலைமாறி, சங்கத்தின் கடமையாயிற்று.

1955ஆம் ஆண்டு வேலைச்சட்டம் முன்னறிவிப்புக் காலத்தை வரையறுத்தது. ஒப்பந்தத்தில் வேறு சொல்லாவிடின், இரண்டாண்டுக்குக் குறைவாகப் பணி செய்தவர்க்கு 4 வாரம், இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம் எனக் கணக்கு வந்தது. குற்றம் சாட்டித் தண்டிக்க நினைக்கும் முதலாளி முறையான விசாரணை நடத்தியே ஆகவேண்டும் என்பதும் இச்சட்டத்தின் விதி. விசாரணைக்காக ஒருவரை நிறுத்தி வைப்பதாயின் இரண்டு வாரத்துக்கு மேற்படலாகாது. அக்காலத்துக்குப் பாதிக் கூலியேனும் கொடுக்கவேண்டும். குற்றமில்லை என்று தெளிந்தால் மீதியையும் கொடுத்துவிட வேண்டும்.

1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டம் இதனினும் ஒருபடி மேற்சென்றது. நியாயமான காரணமின்றி நீக்கப்பட்டதாகக் கருதும் தொழிலாளி இன்று 60 நாட்களுக்குள் தொழிலுறவுத் துறையில் முறையிடலாம். சமரசம் கூடாவிடின் வழக்குத் தொழில் நீதிமன்றம் செல்லும். அங்கே நீக்கத்துக்குக் காரணம் காட்டி மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. முதலாளி ஒரு காரணத்தைச் சொல்லி நீக்கியிருந்தால், அந்தக் காரணமே மெய்யா என்று நீதிமன்றம் ஆராயவேண்டும் என்றும், அது பொய்த்தால் நீக்கம் நியாயமற்றது என்றே முடிவாகும் என்றும் 1981இல் கூட்டரசு நீதிமன்றம் தெளிவுறுத்தியது. இன்று ஒன்று சொல்லி, நாளை வேறொன்று சொல்வதற்கு இடமில்லை. ஆவடி முகாமில் தொழிலாளியை நோக்கிச் சென்ற கேள்வி, அறுபது ஆண்டுகளுக்குள் முதலாளியை நோக்கித் திரும்பிய வரலாறு இது.

தொழிலே மாறியபோது

எனினும் சட்டம் காக்க முடியாத இழப்புகளும் உண்டு. 1950களிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. இதனைத் தடுக்க வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்துத் தொழிலாளர் சேமிப்பால் தோட்டங்களை வாங்கச் செய்தார். 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதார் வேலை செய்ய அனுமதிச்சீட்டுப் பெறவேண்டும் என்றது. பிறந்த சான்று இல்லாமலும் மனுச் செய்யாமலும் இருந்த பல்லாயிரம் தமிழர் அதனால் இந்தியா திரும்பினர். உழைத்த ஆண்டுகள் அத்தனையும் ஒரு தாளின் முன் பயனற்றுப் போயின.

ரப்பர் குறைந்து செம்பனை பெருகியது வேறொரு மாற்றம். செம்பனைப் பூவுக்குக் கையால் மகரந்தம் தூவும் வேலை நெடுநாள் நடந்தது. 1981இல் கமரூன் நாட்டிலிருந்து கொணர்ந்த ஒருவகைக் கூன்வண்டு குளுவாங் வட்டாரத்துத் தோட்டங்களில்தான் முதன்முதலாக விடப்பட்டது. அது மகரந்தத்தைத் தானே சுமந்தது, விளைச்சலும் கூடியது. கையால் தூவும் வேலை மறைந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் கத்ரி நிறுவனத்தின் பங்குகளை லண்டன் சந்தையில் மலேசியத் தேசிய முதலீட்டு நிறுவனம் ஒரே காலையில் வாங்கி, அந்நிறுவனத்தை நாட்டின் உடைமையாக்கியது. துரை மாறினார், வேலையின் தன்மையும் மாறிக்கொண்டே இருந்தது. குத்தகையாளரும் அயல்நாட்டுத் தொழிலாளரும் தோட்டங்களில் பெருகினர். மலேசியத் தீபகற்பத்தில் 2013இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 900 ரிங்கிட் என முதன்முறையாக விதிக்கப்பட்டது. 2025இல் அது 1,700 ரிங்கிட் ஆயிற்று. அதற்குள் தோட்டத்துப் பிள்ளைகளுள் பலர் கூலாய், செனாய், பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்கும், பாலம் கடந்து சிங்கப்பூருக்கும் வேலை தேடிச் சென்றுவிட்டனர்.

இன்றைய தேர்வறை

இவ்வாறு சென்றவர்க்குப் புதியதொரு வாயில் குறுக்கிட்டது. அதுவே நேர்முகத் தேர்வு. கங்காணி முறையில் உறவு வேலை தந்தது. இங்கு உறவு இல்லை. அறிமுகமற்ற மூவர் மேசைக்குப் பின் அமர்ந்து, மலாயிலோ ஆங்கிலத்திலோ வினவுகின்றனர். தோட்டத்தில் அடக்கம் என்று போற்றப்பட்ட மௌனம் அவ்வறையில் அறியாமை எனக் கொள்ளப்படுகின்றது. தன் திறமையைத் தானே எடுத்துரைப்பது தற்புகழ்ச்சி என்று வளர்ந்த பிள்ளை, அதனைச் செய்யவேண்டிய இடத்தில் தடுமாறுகின்றது.

சட்டத்தின் நிலையையும் இங்கு நோக்கவேண்டும். வேலையிலிருந்து நீக்கும்போது முதலாளி காரணம் சொல்லியாக வேண்டும். வேலை தர மறுக்கும்போது அந்தக் கட்டாயம் இல்லை. 2023இல் நடைமுறைக்கு வந்த வேலைச்சட்டத் திருத்தம் பாகுபாடு பற்றிய முறையீடுகளை விசாரிக்க வழி செய்தது. எனினும் அது பணியில் உள்ளவர்க்கே உரியது. வாயிலில் நிற்பவர்க்கு அன்று. எனவே, வெளியேற்றும் கதவில் நீதி காவல் நிற்கின்றது. உள்ளே புகும் கதவில் இன்னும் காவல் நிற்கவில்லை. ஆயிரம் ஆண்டுகட்கு முன் உத்தரமேரூரார் தகுதியையும் தகுதியின்மையையும் ஊரறிய வெட்டிவைத்ததை எண்ணுக. எதனால் ஏற்கப்பட்டோம், எதனால் விலக்கப்பட்டோம் என்று அறியும் வாய்ப்பு அங்கு நிலமுடையோர்க்கேனும் இருந்தது.

சட்டம் நிரப்பாத இடத்தை ஓரளவு நிரப்பக்கூடியது பள்ளி. மலேசியாவில் இன்றும் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இயங்குகின்றன. லாயாங் லாயாங் வட்டாரத்துத் தோட்டப் பள்ளிகளும் அவற்றுள் அடங்கும். அங்குக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இவ்வரலாறு தரும் பாடம் ஒன்றுண்டு. தமிழ்த் தொழிலாளி உழைக்கத் தெரியாமையால் தாழ்ந்தவன் அல்லன். தன் பெயர் செக்ரோலில் எவ்வாறு எழுதப்பட்டது, தன் கூலி எவ்வாறு கணக்கிடப்பட்டது, தான் கையெழுத்திடும் தாளில் என்ன இருந்தது என்று கேட்க வழியில்லாமையால் தாழ்ந்தான். கேட்கக் கற்றபோதெல்லாம் ஒருபடி உயர்ந்தான்.

ஆதலின் மாணவர்க்குத் தமிழில் விண்ணப்பம் எழுதக் கற்பிக்கும் வகுப்பில், விண்ணப்பத்தின் மறுபக்கத்தையும் கற்பிக்கலாம். வேலையின் கடமை யாது, சம்பளம் எவ்வளவு, முன்னறிவிப்பு எத்தனை வாரம், தகராறு நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது ஆகியவற்றைப் பணிவு குன்றாமல் வினவும் பயிற்சி அது. வகுப்பிலேயே ஒரு மாணவன் முதலாளியாகவும் மற்றவன் விண்ணப்பிப்பவனாகவும் அமர்ந்து உரையாடிப் பார்க்கலாம். இதற்குச் செலவில்லை, பாடநூலும் வேண்டா.

வள்ளுவர் காலத்தில் ‘கேள்வி’ என்பது செவியாற் கேட்டறியும் அறிவு. இக்காலத்தில் அச்சொல் வினாவையும் குறிக்கின்றது. தோட்டத்துத் தமிழர் முதற்பொருளில் கேள்வியை நிரம்பப் பெற்றிருந்தனர். இரண்டாம் பொருளில் அதனைப் பெற நூறாண்டு பாடுபட்டனர். பெற்றதைப் பிள்ளைகள் கையில் சேர்ப்பது ஆசிரியர் கடன்.